ஒளிக்கு வெட்டும் வாய்க்கால்

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டுவதில்லை. கன்னடியன் காலாயினும் மருதூர் மேலக்காலாயினும், வாய்க்கால் வளையுமிடத்தில் நீரின் வேகம் வெளிக்கரையையே தாக்குகிறது. கரை பலமுள்ளதானால் குறுகிய வளைவு தாங்கும். நொய்ந்ததானால் சுற்றி வளைத்தே வெட்டவேண்டும். ஒளிக்கு வாய்க்கால் வெட்டும் சாஸ்திரிகளின் பிரச்னையும் ஏறக்குறைய இதுவே.

ஒளி நேர்கோட்டில் செல்லுமென்பது பள்ளிப்பாடம். ஆயினும் வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் அது அடங்கி ஓடுவதை 1854-ல் லண்டனில் ஜான் டிண்டால் பிரத்தியட்சமாகக் காட்டினார். இன்று கண்ணாடி இழைகளில் ஓடும் ஒளியே கடல்கடந்து சமாசாரங்களைச் சுமக்கிறது. ஆனால் சாதாரண இழையை ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்கு இறுக்கி வளைத்தால் ஒளி கசிந்துவிடும். இழையின் நடுவுக்கும் உறைக்கும் ஒளிவிலகல் எண்ணிலுள்ள வித்தியாசம் சொற்பம். அதாவது, கரை தாழ்ந்தது. சிலிக்கனுக்கோ அவ்வெண் சுமார் 3.5, அதைச் சூழும் சிலிக்காவுக்கு 1.44. கரை இவ்வளவு உயர்ந்திருப்பதால், ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு ஆரத்திலும் ஒளியைத் திருப்ப முடிகிறது. நகத்தளவு சில்லில் அநேக ஒளிப்பாதைகள் அடங்குவது இதனாலேயே.

ஆயினும் திடீரென்று வளைத்தலாகாது. வளைவு படிப்படியாக ஏறவேண்டும். வளைவில் ஒளி வெளிச்சுவரை ஒட்டி ஓடுவதால், சுவரிலுள்ள நுண்ணிய சொரசொரப்பும் நஷ்டத்தை விளைவிக்கும். ஆகவே வளைவைக் கணக்கிடும் புத்தி ஒன்று. சுவரை வழவழப்பாகச் செதுக்கும் தொழிற்சாலை மற்றொன்று.

புத்தி நம்மிடம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய சர்க்காரின் உதவியுடன் சிலிக்கன் ஒளிச்சில்லுகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. சில்லுகளை உற்பத்தி செய்யும் பொருட்டு அது மலேசியாவின் ஸில்டெர்ரா தொழிற்சாலையுடன் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. இதில் இழிவொன்றுமில்லை. எனினும் செதுக்கும் கை பிறர் கையாகவே என்றும் இருந்துவிடின், கணக்கிடும் புத்தியும் நாளடைவில் கைத்தொழிலைத் தேடிப் பிறதேசம் சென்றுவிடும்.

தொழிற்சாலை எழும்ப நாளாகலாம்; மாணவர்களைத் தயார் செய்ய நாள் கடத்த வேண்டியதில்லை. ஒரே தகட்டில் பலருடைய சில்லுகளைச் சேர்த்துச் செதுக்கிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை உலகில் வழக்கத்திலுள்ளது. திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரிக்கும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் அதில் ஒரு பங்கும், வந்த சில்லைச் சோதிக்க லேஸருடன் கூடிய ஓர் ஆய்வுமேசையும் அளித்தல் சர்க்காருக்குப் பெரும் பாரமாகாது. தலைமடையில் மட்டும் நீர் நிறைந்து கடைமடை காய்வதைப் பாசனம் என்று பொருநைக்கரையில் எவரும் ஒப்பார். கல்விக்கும் அதுவே நியாயம்.