படியில் மூச்சு வாங்கியபோது



தைப்பூசக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து பழனி மலைக்கோயிலுக்குப் போனேன். கூட்டம் ஓயவில்லை. மேலே இழுத்துப்போகும் விஞ்ச் வண்டிக்கான வரிசை அசைவதாகவே தெரியவில்லை. "மாமா, படியேறிடலாம்" என்றான் அக்கா மகன். அவனுக்கு 22 வயது, சொல்லமாட்டானா? எனக்கு 56.

பழனியில் படிகள் 693 என்பார்கள். நூறைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இடும்பன் சந்நிதியை எட்டியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. உட்காரப் போனவனை ஒரு பாட்டி தடுத்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். "உக்காராதீங்க தம்பி, கால் பிடிச்சுக்கும். நின்னு நின்னு ஏறுங்க." சொல்லிவிட்டு வெறுங்காலோடு எனக்கு முன்னால் போய்விட்டார்.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தது வரை பெருமையாகத்தான் இருந்தது. வேடிக்கை மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான். அலுவலக மாடிப்படியில் ஏறும்போது அவ்வளவாக வலிக்கவில்லை, இறங்கும்போது உயிர் போனது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். எங்கள் இதழின் ஓவியர் அதை வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, வீம்புக்காகவே மறுபடி போய் ஏறினேன். அடுத்த நாள் தொடையில் லேசான இறுக்கம், அவ்வளவுதான். முருகன் அருள் என்று விட்டிருப்பேன். ஆனால் இந்த இதழின் உடற்பயிற்சிப் பக்கங்களுக்காகப் படித்துக்கொண்டிருந்ததில் விவரம் தெரிந்தது. படி இறங்கும்போது முன்தொடைத் தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாத தசையில் அது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சேதங்களை உண்டாக்கும். வலி ஓரிரு நாளில் உச்சத்துக்கு வந்து தணியும். அந்தச் சேதத்தைச் சரிசெய்யும் தசை, அடுத்த முறைக்கும் சேர்த்தே தயாராகிவிடுகிறது. ஒரே ஒரு நாள் பட்ட பாடு பல வாரங்களுக்குக் காப்பாக நிற்கிறது. அந்தத் தயாரிப்பு நடப்பது மலையில் அல்ல, நான் முனகிக்கொண்டிருந்த நாட்களில் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, பாடே படாமல் இருந்தால் உடம்பு பத்திரமாக இருக்குமா? 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று அளந்தபோது, அந்தத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த இழப்பைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பு பெரிதாக இருந்தது! பிறகு அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில், படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே அந்தத் திறன் திரும்பிவந்தது. ஐந்தே பேர்தான், சின்ன ஆய்வுதான். இருந்தாலும் இதைப் படித்த அன்று நான் லிஃப்டில் ஏறவில்லை.

உடம்பு தேறும், மனசு தேறுமா? இந்தக் கேள்வியில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறவர் வீட்டில் ஒரு கெட்ட செய்திக்கு இடிந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓடினால் எதையும் தாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் உடம்பிலிருந்து மனசுக்குக் கடந்து போகிறது. நெஞ்சு படபடப்பு, மூச்சு இறைப்பு, வியர்வை: படியேறும்போது வருகிற இவையேதான் பயத்திலும் வருகின்றன. திடீர்ப் பீதியால் அவதிப்படுகிறவர்களை மனநல சிகிச்சையாளர்கள் சில சமயம் வேண்டுமென்றே நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார்கள். படபடப்பு வந்தது, ஒன்றும் ஆகவில்லை, தானாகவே அடங்கியது என்பதை உடம்பாலேயே தெரிந்துகொள்ளும் வழி அது. இடும்பன் சந்நிதியில் என் காதுக்குள் அடித்த அதே நெஞ்சு, போன மாதம் ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்தபோதும் அடித்தது. பயம் குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் ஏற்கனவே பழக்கமான சத்தமாக இருந்தது. எழுந்து நின்றேன். நின்று நின்று ஏறச் சொன்ன பாட்டி நினைவுக்கு வந்தார். (முடிவில் பயப்பட ஒன்றுமில்லை.)

ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபி விவசாயியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகனைக் கண்ணெதிரே விபத்தில் பறிகொடுத்த பிறகு, லண்டனில் எண்பது வயதுக்கு மேல் தீவிரமாக ஓடத் தொடங்கியவர். 2000-இல் லண்டன் மாரத்தானை ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011-இல் டொரான்டோவில் 42 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தபோது நூறு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அவர் துக்கத்தை ஓட்டம் ஆற்றிவிட்டது என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் காலையில் எழுந்து போவதற்கு அது ஓர் இடத்தைக் கொடுத்தது.

எடுத்த எடுப்பில் மாரத்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் அது சவால் இல்லை, உடனே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். ஜனவரியில் ஆண்டுச் சந்தா கட்டி, மார்ச்சில் ஜிம் இருக்கும் தெருவையே தவிர்க்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தவன். நேற்றைவிட ஒரு மாடி அதிகம், போன வாரத்தைவிட ஒரு தெரு அதிகம், நடுவில் ஓய்வு. எனக்குக் கட்டுப்படியானது இந்தக் கணக்குதான். வேண்டாம் என்றால் பாதியில் இறங்கிவிடலாம் என்ற சுதந்திரம் இதில் இருக்கிறது. வாழ்க்கை தருகிற சிரமங்களில் அந்தச் சலுகை இருப்பதில்லை.

நீங்கள் எந்தப் படியில், எந்த மைதானத்தில் மூச்சு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் மூன்றாவது முறையாகப் பழனி போகிறேன். இந்தத் தடவை அக்காவும் வருகிறாளாம், சாய்வாக ஏறும் யானைப்பாதை வழியாக. படியேறிப் போகிற என்னை மேலே காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். யார் யாருக்காகக் காத்திருக்கப்போகிறார்கள் என்று பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்