எலுமிச்சைத் தோலில் இருக்கிற எண்ணெய் யாருக்கு?



சித்திரை வெயிலில் எலுமிச்சை விலை ஏறினால் டிவியிலும் பேப்பரிலும் அது செய்தி. மழைக்காலத்தில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் நாம் பழத்தை மரத்தடியிலேயே அழுக விடும்போது கேட்க நாதி கிடையாது. புளியங்குடிக்கு 'எலுமிச்சை நகரம்' என்று பெயர். ஆனால் நாம் இங்கே விற்பது வெறும் பழம் மட்டும்தான். ஊறுகாய்க்கும் கேரளத்துக்கும் போவது போக மீதி, பழத்தில் கொஞ்சம் சொறி விழுந்திருந்தாலும் மண்டியில் கழிவு.

அந்தக் கழிவுப் பழத்தின் தோலைக் கிள்ளி மூக்கருகே பிடித்துப் பாருங்கள். விரலில் பிசுபிசுக்கிறதே, அதுதான் வாசனை எண்ணெய். சோப்பு, சென்ட், கோலா பானம் என எல்லாவற்றிலும் சேர்க்கிறார்கள். சென்ட் பாட்டிலைத் திறந்ததும் முதலில் குப்பென்று அடித்துச் சீக்கிரமே பறந்து போகிற புது வாசனை பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு இனத்து எண்ணெய்தான். உலகச் சந்தைக்கு எலுமிச்சை எண்ணெய் எடுப்பதில் மெக்சிகோவும் பெருவும் முன்னணியில் நிற்கின்றன. அங்கே அதற்குப் பயன்படுவதும் நம்ம நாட்டு எலுமிச்சை இனம்தான்! ஆசியாவிலிருந்து கடல் தாண்டிப் போன மரம் அது.

அவர்கள் செய்வது ஒன்றும் மாயமில்லை. பழத்தை முழுசாக நசுக்கி, சாற்றோடு சேர்த்து நீராவியில் வடிக்கிறார்கள். குளிர்ந்ததும் எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கும். பழம் சிறுத்திருந்தாலும் தோலில் வடு இருந்தாலும் இதற்குக் குறையில்லை. தோலை மட்டும் சுரண்டிப் பிழிந்து எடுப்பது இன்னொரு முறை. அதன் மணம் பச்சைத் தோலின் மணம் போலவே இருக்கும். ஆனால் அது உடம்பில் பட்டு வெயிலில் நின்றால் தோல் கருகிப் புண்ணாகும். அதனால்தான் சென்ட் கம்பெனிகள் அதைச் சொட்டளவில் சேர்க்கின்றன. வடித்த எண்ணெயில் இந்தத் தொல்லை கிடையாது. தோலில் தெளித்த பூச்சிமருந்து பிழிந்த எண்ணெயில் இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆசை காட்டுவது நம் நோக்கமில்லை. கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஒரு டன் பழத்துக்கு மூன்று கிலோ எண்ணெய் கிடைத்தாலே பெரிது. நல்ல விலை கிடைக்கும் பழத்தைக் கொப்பரையில் போடுகிறவன் ஏமாளி. விலை சரியும்போது விழுகிற பழத்துக்கும் கழிவுக்கும்தான் இந்த வேலை. ஒரு தனி விவசாயி லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பாய்லர் வைத்தால் எண்ணெயும் தேறாது, கடனும் தீராது.

இத்தாலியில் கலாப்ரியா என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. அங்கே பெர்கமோட் என்ற புளிப்புப் பழம் விளைகிறது. அதை அப்படியே தின்பது குறைவு, பெரும்பாலும் தோல் எண்ணெய்க்காகவே பயிர் செய்கிறார்கள். காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுவோமே யூடிகோலன், அது 1709-இல் கொலோன் நகரில் தொழில் தொடங்கிய பரீனா கம்பெனி பிரபலமாக்கியது. அதன் மணத்தில் பெர்கமோட் முக்கியம். அங்கேயும் 200 கிலோ பழத்துக்கு 1 கிலோ எண்ணெய்தான். ஆதியில் கையால் ஸ்பாஞ்சில் பிழிந்தார்கள், 1844-இல் இயந்திரம் வந்தது. வியாபாரி கலப்படம் செய்தால் பழி விவசாயி தலையில்தானே விழும்? 1918-லேயே அங்கு எண்ணெய்க்கென்று அரசுச் சோதனை நிலையம் வந்துவிட்டது. 1930-களில் எண்ணெயை ஒன்றாகச் சேர்த்து விற்கும் கூட்டமைப்பு வந்தது. 2001-இல் அந்த எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. பழத்துக்கு அல்ல தோழர்களே, எண்ணெய்க்கு!

நம் நாட்டிலும் கன்னோஜில் 1991 முதல் மத்திய அரசின் வாசனைப் பொருள் மேம்பாட்டு மையம் நடக்கிறது. அங்கே இருக்கும் அறிவு இங்கே வர ஏன் தயக்கம்? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொது வடிப்பு ஆலை வேண்டும். அது விவசாயிகள் கையில் இருக்க வேண்டும். மானியம் என்ற பெயரில் நாலு புள்ளிகளின் ஷெட்டுக்குள் போய்விடக் கூடாது. எண்ணெயைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு ஆய்வகம் வேண்டும். சான்று இல்லாத எண்ணெய்க்குச் சொன்னதுதான் விலை. கழிவுப் பழத்துக்கும் கிலோவுக்கு ஒரு அடிமட்ட விலை நிர்ணயிக்க வேண்டும்.

இன்னொன்று. சில வருடம் முன்பு ஒரு கம்பெனிக்காரன் எலுமிச்சம்புல் நட்டால் எண்ணெயை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நாற்றுக்குக் காசு வாங்கிப் போனான். அறுவடைக்குப் பிறகு அவன் போன் எடுக்கவே இல்லை. நம் சங்கத்து ஆட்களே ஏமாந்தார்கள், வெட்கத்தோடு சொல்கிறோம். 'எலுமிச்சை எண்ணெய் மெஷின், பைபேக் கியாரண்டி' என்று எவனாவது வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரத்தைச் சங்கத்தில் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் வர வேண்டும். போன மழைக்காலத்து மண்டிச் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். கழிவென்று ஒதுக்கிய பழத்தில் ஒரு பையும் கொண்டு வாருங்கள். அதிகாரிகள் மேஜையில் வைத்துத் தோலைக் கிள்ளிக் காட்டுவோம்.