பில்லுக் கம்பி

பணம் போனதற்காக மட்டும் வயிறு எரிகிறது என்று நினைக்காதீர்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குச் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் என்று லைனில் இருக்கிற கடைகளுக்குக் கடனாகச் சரக்குப் போடுவேன். சனிக்கிழமை தவறாமல் வசூலுக்குப் போய்வந்தவன் 16 வருஷம் என் சோறு தின்றவன். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடைக் கூரையைப் பிய்த்தெறிந்த காலையில், கணக்கு நோட்டுகளை வேட்டியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றான். பார்த்து அழுதுவிட்டேன். அந்த நோட்டில்தான் பிறகு கை வைத்தான்.

எப்படித் தெரியுமா? ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளுக்கு அடியில் ஓர் அட்டை. கடைக்காரருக்கு 8,500 என்று எழுதிக் கிழித்துக் கொடுப்பான். அட்டையை உருவிவிட்டு அடிக்கட்டையில் 3,500 என்று எழுதுவான். புவனகிரியில் விழுந்த துண்டைப் பரங்கிப்பேட்டைப் பணத்தால் அடைப்பான். அதை அடுத்த வாரம் சிதம்பரத்தால். எப்போது பார்த்தாலும் யாரோ ஒரு கடைக்காரர்தான் பாக்கிக்காரர். ஒரு நாள்கூட லீவு போடாதவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே! லீவு போட்டால் குட்டு உடையும், அதனால் போடவில்லை. கடைசியில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்தான், எல்லாம் வெளியே வந்தது.

2020 ஜூலையில் பண்ருட்டியில் ஸ்டேட் பேங்க் பெயரிலேயே போலிக் கிளை திறந்து மூன்று பேர் மாட்டினார்களே, அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே "எவன்டா இதையெல்லாம் நம்புறான்" என்று அவனிடம்தான் கேட்டேன். அவனும் சிரித்தான், பாவி.

ஸ்டேஷனுக்குப் போனேன். வேலைக்காரன் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, புதுச் சட்டத்தில் 316-ஆம் பிரிவுப்படி 7 வருஷம் வரை உள்ளே போடலாமாம். "பேசி முடிச்சுக்கோங்களேன்" என்றார்கள். அவன் பெண்டாட்டி, இடுப்பில் பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றாள். நான் என்ன பேச?

அதுவும் போகட்டும். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு பெரியவர், என் அப்பா காலத்து வாடிக்கை. போன ஆடியில் அவர் கடை ஏறி, மருமகன் எதிரிலேயே கத்தினேன். "குடுத்துட்டேனே தம்பி" என்று சொல்லிக்கொண்டே, பில் குத்திவைக்கும் கம்பியை ஆணியிலிருந்து இறக்கினார். கை நடுங்கியது. "பில்லைத் தேடாதீங்க, பணத்தைத் தேடுங்க" என்றேன். இந்த வாயால் சொன்னேன். கல்லாவைத் திறந்து மறுபடியும் எண்ணிக் கொடுத்தார்.

உண்மை தெரிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பியில் நாலாவது தாள், அவன் கையெழுத்தோடு அப்படியே இருந்தது. பெரியவர் டீ வரவழைத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கிளம்பும்போது, புது ஆர்டர் ஏதாவது எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்ப பாண்டியிலேருந்து வருது தம்பி" என்றார்.