மாத்திரை போட்டாச்சா?



மனச்சிதைவு நோய் கண்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தாய்மார்கள் எழுதியவை. மகன் மாத்திரையை வாயில் அடக்கிவைத்துத் துப்பிவிடுகிறான், மகள் தலையணை உறைக்குள் ஒளித்துவைக்கிறாள், வேறு வழியில்லாமல் சாம்பாரில் பொடித்துப் போடுகிறோம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, மாத்திரையை விழுங்குகிறவர்களே எழுதிய சில கடிதங்களும் இருந்தன. மருந்தே வேண்டாம் என்று அவர்கள் யாரும் வாதாடவில்லை. உள்ளே போன பிறகு அது என்ன செய்கிறது என்பதைத்தான் எழுதியிருந்தார்கள். வாய் உலர்ந்து சோறு இறங்குவதில்லை. காலை பத்து மணி வரை இமையைத் திறக்க முடிவதில்லை. கை நடுங்குவதால் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதையெல்லாம் வீட்டில் யாரும் கேட்டதில்லை என்ற வருத்தம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் இந்த வீடுகளில் தவறாமல் ஒலிக்கும் கேள்வி, “மாத்திரை போட்டாச்சா?” என்பது. அன்பினால்தான் கேட்கிறோம். அந்த மாத்திரை உன்னை என்ன பண்ணுது என்று அடுத்ததாகக் கேட்கும் வீடுகள் குறைவு. அதைக் கேட்கச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

இந்த மருந்துகள் மேல் எனக்குப் பகை கிடையாது. 1952இல் பாரிஸின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியர் தெனிக்கேரும் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் வரை, மனநல மருத்துவமனைகளில் இருந்தவை பெரும்பாலும் பூட்டிய அறைகளும், இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்தும் சிகிச்சையும், மின்னதிர்ச்சியும்தான். மருந்து வந்தபின் காதில் ஓயாமல் கேட்ட குரல்கள் அடங்கின. ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள் வீடு திரும்பினார்கள். நம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நடத்திய டாக்டர் சாரதா மேனன், வீடு திரும்பியவர்களின் வாழ்க்கை அதோடு சரியாகிவிடவில்லை என்பதைக் கண்டார். ஓய்வுபெற்ற பிறகு, 1984இல், அவர்களுக்காகவே சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார்.

மருந்து வேலை செய்யும் விதத்திலேயே தொல்லையும் இருக்கிறது. மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளின் வேலையை இது மட்டுப்படுத்துகிறது. இல்லாத குரலும் காரணமில்லாத சந்தேகமும் அதனால் குறைகின்றன. ஆனால் கை கால் அசைவைச் சீராக வைத்திருப்பதும், தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் ப்ரொலாக்டினை அடக்கிவைப்பதும் அதே டோப்பமின்தான். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசைகின்றன. மாத்திரை போடுகிறவர் ‘சும்மா சாக்கு சொல்கிறார்’ என்று இனி யாராவது நினைத்தால், இதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

எல்லாவற்றிலும் கொடுமையானது எது என்று கேட்டால், அகதீசியா என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த இருப்புக்கொள்ளாமையைத்தான் சொல்வேன். என் பெரியம்மா மகன் அண்ணனுக்கு அது வந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்த சில நாட்களில் திண்ணையில் உட்கார மாட்டார், படுக்க மாட்டார். வாசலுக்கும் கொல்லைக்குமாக விடிய விடிய நடப்பார். உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தால், கால் இரண்டும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அவருக்கு நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். அழைத்துப்போன இடத்திலும் அப்படியே நினைத்து மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நடை அதிகமானது. வேறொரு மருத்துவர், அண்ணனைப் பார்த்து, “நடக்கணும்னு தோணுதா, இல்ல நடக்காம இருக்க முடியலையா?” என்று கேட்டார். “இருக்க முடியல சார். தோலுக்கு உள்ள யாரோ புடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு” என்றார் அண்ணன். அத்தனை நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மருந்தின் அளவைக் குறைத்து, கூடவே ப்ரொப்ரானலால் கொடுத்த பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மருந்தால் வந்த பதற்றத்தை நோயின் பதற்றம் என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டுவது எங்கும் நடக்கிறது. மருத்துவ நூல்களே இதைக் குறித்து எச்சரிக்கின்றன. இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விடத் துணிகிறவர்களும் உண்டு. ஆகவே மருந்து தொடங்கிய பிறகோ, அளவை மாற்றிய பிறகோ ஒருவர் திடீரென ஓயாமல் நடக்க ஆரம்பித்தால், எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் தேதி அவருக்கு நிறையச் சொல்லும்.

இன்னொன்று, பார்ப்பவர்களை நடுங்கவைப்பது. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளைத் தொடங்கிய ஓரிரு நாளில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், நாக்கு வெளியே தள்ளும், கருவிழி மேலே செருகி நிற்கும். பேய் ஏறிவிட்டது என்று கோடாங்கியிடம் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. இது தசைப்பிடிப்பு. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் பலருக்கும் ‘பேசிடேன்’ என்ற சின்ன மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள். வாய் உலர்வதற்கும் மலச்சிக்கலுக்கும் அதுவும் ஒரு காரணம். பல ஆண்டுகள் மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வாய் தானாக மென்றுகொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தினாலும் அது போகாமல் தங்கிவிடலாம். பேருந்தில் எதிரே அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவரை உற்றுப் பார்க்காதீர்கள்.

புதிய மருந்துகளில் இந்த நடுக்கமும் இறுக்கமும் குறைவு. அவற்றின் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஓலான்சபின் எடுப்பவர்களுக்குச் சாப்பிட்டு எழுந்த கையோடு பசிக்கும். சில மாதங்களில் சட்டை போதாமல் போகும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். ‘வாயைக் கட்டு’ என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தப் பசியைக் கிளப்புவதே மருந்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, சர்க்கரை மூன்றையும் பார்த்து எழுதிவைத்துத் தொடர்ந்து கவனித்தால், ஏறும்போதே பிடித்துவிடலாம்.

பெண்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் ப்ரொலாக்டினை ஏற்றுவதால் மாதவிலக்கு நின்றுபோகலாம், குழந்தை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியலாம். கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணுக்கு இது நேர்ந்தால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், பின்னால் வரிசை நிற்க, அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு அவர் இதை எப்படிச் சொல்வார்? ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் வரும் குறையும் இப்படித்தான் சொல்லப்படாமலே போகிறது. பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

எந்த மருந்துக்கும் அடங்காத நோய்க்குத் தரும் குளோசபினின் கதை தனி. 1975இல் பின்லாந்தில், இதை எடுத்தவர்களில் சிலர் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது. மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்கும் இது உதவுகிறது என்று 1988இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டிய பிறகு, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் திரும்பி வந்தது. முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். இரவில் எச்சில் வடிந்து தலையணை நனையும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு, தலைக்குள் முதன்முறையாக அமைதி கிடைத்தது என்று எழுதியிருந்தார் ஒரு வாசகர்.

நாட்டு மருந்தில் பக்கவிளைவே கிடையாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்ப்பகந்தா வேரை மனநோய்க்குக் கொடுப்பது நம் நாட்டுப் பழக்கம். 1931இல் கல்கத்தா மருத்துவர்கள் சென், போஸ் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினை ஐம்பதுகளில் உலகமே மனநோய்க்குப் பயன்படுத்தியது. அதுவும் உடம்பை விறைக்கவைத்தது. பலர் மனச்சோர்வில் விழுந்ததாகச் சொல்லப்பட்டது. வேர் என்பதால் மூளை அதற்குத் தனிச்சலுகை தருவதில்லை.

மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏதோ சிலர் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1500 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த மருந்தை 18 மாதம் முடிவதற்குள் விட்டவர்கள் 74 சதவீதம். பலன் போதாததும் பக்கவிளைவும் அதற்கான காரணங்களில் அடக்கம். மனச்சிதைவோடு வாழ்ந்தபடியே சட்டப் பேராசிரியராக உயர்ந்த எலின் சாக்ஸ், மருந்தை விட்டுவிடத் தான் திரும்பத் திரும்ப முயன்றதையும், ஒவ்வொரு முறையும் நோய் திரும்பியதையும் 2007இல் வெளிவந்த தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதினார். மருந்து குறையக் குறையத் தானும் குறையற்றவள் ஆகலாம் என்ற நம்பிக்கை அவரை வெகுகாலம் பிடித்துவைத்திருந்தது. ஏற்ற மருந்தும், தன் பேச்சைக் கேட்ட மருத்துவர்களும் அமைந்த பிறகே அவர் அந்த நம்பிக்கையை விட்டார்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், நேரத்தை மாற்றலாம். மருத்துவரோடு பேசினால் இத்தனை வழிகள் இருக்கின்றன. ஆனால் கடும் காய்ச்சலோடு உடம்பு மரம்போல் விறைத்து, நினைவு தடுமாறினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது; அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே இரத்தம் பார்க்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தரப்போகும் சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. புரியும் மொழி என்றால் நமக்குத் தமிழ். மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த பொடி எழுத்து ஆங்கிலத் தாள் அதற்கு ஈடாகாது. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மருத்துவரைப் பார்க்க முடியாத நேரத்தில் ஆலோசனைக்கு அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த இதழிலிருந்து இந்த மருந்துகளை எடுப்பவர்களின் அனுபவங்களுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். பெயர் போட மாட்டோம். மருந்தின் பெயர், எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள், உடம்பில் என்ன மாறியது, அதை யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். மனநல மருத்துவர் ஒருவர் படித்துப் பதில் எழுத இசைந்திருக்கிறார். கை நடுங்கி எழுத வராதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எழுதிக்கொடுக்கலாம். அப்படி எழுதும்போது அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல், அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்