உழைத்த வண்டிக்கு மரபில்லையா?

சென்ற ஆண்டின் இறுதியில் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், ஒரு பழைய இரும்புக் கடையைக் கண்டதும் எங்களில் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடை வாசலில் ஆறு சிலிண்டர் லேலண்ட் என்ஜின் ஒன்று கிடந்தது. ஹெட் கழற்றப்பட்டு, ஆறு துளைகளும் வானத்தைப் பார்த்திருக்க, உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் அதன் கிராங்க் சாக்குகளின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்பர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “ஏனுங்க, இதையெல்லாமா போட்டோ எடுப்பாங்க? நாளைக்குக் கிலோக் கணக்குல போயிருமுங்க” என்றார். அவர் சொன்னதில் குறை காண இடமில்லை. அவர் தொழில் அது. ஆனால் அந்த என்ஜின் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் மூட்டைகளை எத்தனை மேடுகளில் ஏற்றியிருக்கும் என்ற எண்ணம் வீடு திரும்பும்வரை எங்களை விடவில்லை.

சில வாரங்கள் கழித்துச் சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றைப் பார்க்க வாய்த்தது. மெருகேற்றிய கார்கள், பெருமிதம் பொங்கும் உரிமையாளர்கள், வேடிக்கை பார்க்கக் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். அழகான காட்சிதான். ஒரு லாரியும் அங்கே இல்லை, ஒரு டிராக்டரும் இல்லை. அது தற்செயல் அன்று என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இருக்கும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் எல்லைக்குள் வருபவை சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளும் கார்களும் மட்டுமே. சவாரி போன வண்டி ஐம்பது வயதில் அரும்பொருள் ஆகிறது. சுமை இழுத்த வண்டி அதே வயதில் பழைய இரும்பு ஆகிறது. இந்தப் பாகுபாடு தவறு என்பதே எங்கள் தரப்பு.

பழைய டீசல் என்ஜின்மேல் மோகம் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1921இல் பிறந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். இலக்கண சுத்தமாகச் சொன்னால் அது டீசல் அன்று, டீசலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரே ஒரு சிலிண்டர். பிந்தைய பெரிய வகைகளில் அதன் கொள்ளளவு 10.3 லிட்டர். முன்னால் துருத்தி நிற்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் சில நிமிடங்கள் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவி எடுத்து, பக்கத்துச் சக்கரத்தில் செருகி, ஆட்டிச் சுழற்ற வேண்டும். கை தவறினால் என்ஜின் எதிர்த்திசையிலும் ஓடத் தொடங்கிவிடும்! இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் இன்னும் வேடிக்கை. சிலிண்டருக்குள் கனலும் காகிதத்தைச் செருகி, வெற்றுத் தோட்டா ஒன்றைப் பொருத்திச் சுத்தியலால் அடித்தால், வெடித்த விசையில் என்ஜின் உயிர்பெறும்.

அமெரிக்க லாரி ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை, ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த 71 வரிசை என்ஜின். ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு சிலிண்டர் வேண்டுமா, மூன்றா, ஆறா? அடிப்படை உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே. இரண்டாம் உலகப்போரில் கரையிறங்கு படகுகளைச் செலுத்திய அதே குடும்பம், பிறகு நெடுஞ்சாலை லாரிகளிலும் ஆலிவர் டிராக்டரிலும் உட்கார்ந்தது. ஈரடி என்ஜின் ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நிகழும்; எனவே உண்மையில் சுற்றும் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் அலறுவதாகக் காதுக்குப்படும். இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது மான்செஸ்டர் அருகே செய்யப்பட்ட கார்ட்னர் 6எல்எக்ஸ். 1958இல் வந்த அந்த என்ஜினின் கொள்ளளவு ஏறத்தாழ பத்தரை லிட்டர். 1,700 சுற்றில் 150 குதிரைத்திறன். அவசரம் அறியாதது, எண்ணெய்ச் சிக்கனத்துக்குப் பேர்போனது.

இவற்றை ‘பேராற்றல் கொண்டவை’ என்று ஆர்வலர்கள் கொண்டாடும்போது எண்களை மட்டும் பார்ப்பவருக்குக் குழப்பம் வரும். 10.3 லிட்டர் லான்ஸ் தந்தது ஐம்பது குதிரைத்திறனை ஒட்டித்தான். இன்று 400 சி.சி. மோட்டார் சைக்கிளே நாற்பதைத் தொடுகிறது. அப்படியானால் ஆற்றல் எங்கே இருக்கிறது? இதற்கு விடை நம் லாரி ஓட்டுநர்களின் பேச்சிலேயே உண்டு. அவர்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவதில்லை. ‘இழுவை’ என்கிறார்கள். “வண்டி ஓடுது, ஆனா இழுவை இல்லை” என்ற ஒரு வாக்கியத்தில் பொறியியல் பாடம் ஒன்றே அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைக்கூட எட்டாத லான்ஸ், களிமண்ணில் கொழு இறங்கியதும் திணறி நின்றுவிடுவதில்லை. கனத்த சுழல்சக்கரமும் நீண்ட பிஸ்டன் வீச்சும் சேர்ந்து, தளர்ந்துகொண்டே இழுக்கும், இழுத்துக்கொண்டே மீளும். மோட்டார் சைக்கிளின் நாற்பது குதிரைகளும் அதே வயலில் அரை அடி நகர்த்தா. குதிரைத்திறன் என்பது எவ்வளவு விரைவாக வேலை நடக்கிறது என்பதன் கணக்கு. இழுவையோ சுமை ஏறும்போது எவ்வளவு பொறுக்கிறது என்பதன் கணக்கு. பழைய என்ஜின்மேல் கொண்ட காதல் இந்தப் பொறுமையின்மேல் கொண்ட காதலே.

இதில் நமக்கென்று ஒரு வரலாறும் உண்டு. எண்ணூரில் கார் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, காமெட் லாரிகளால் தென்னாட்டுச் சாலைகளை நிறைத்தது. 1954இல் டாட்டா, டெய்ம்லர் பென்ஸோடு கைகோத்தது. 1969இல் அந்த உறவு முடிந்து நட்சத்திரச் சின்னம் போன பிறகும் நம் ஊர்களில் அது ‘பென்ஸ் லாரி’யாகவே வாழ்ந்தது. சென்னை சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்க்கின்ஸ் பி6 என்ஜின்களைச் செய்யத் தொடங்க, எத்தனையோ பெட்ரோல் லாரிகள் அவற்றைப் பொருத்திக்கொண்டு மறுபிறவி எடுத்தன. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபேயின் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களுக்கும் சிம்சனே என்ஜின் தந்தது. ஏரும் வண்டிமாடும் வயலைவிட்டு விலகிய அந்த மாற்றத்தைப் பற்றிச் சிறுகதைகள் எழுதியிருக்கிறோம், மாட்டுக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறோம். மாட்டின் இடத்தில் வந்து நின்று அரை நூற்றாண்டு உழைத்த இரும்பைப் பற்றி எழுதியது சொற்பம்.

அதோடு சேர்ந்து ஓர் அறிவும் போகிறது. அந்தக் கால டீசல் என்ஜினுக்குப் பம்ப்பும் நாசிலும் இருந்தால் போதும். ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. நிறுத்துவதற்கும் சாவி உதவாது, எண்ணெயை அடைக்கும் கம்பியைத்தான் இழுக்க வேண்டும். ஆறில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, மெக்கானிக் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஓடும்போதே தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுவே நோயாளி. நீண்ட திருப்புளியின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து உள்ளே நடப்பதைக் கேட்பார். ‘ஆயில் குடிக்குது’, ‘மூச்சு வாங்குது’, ‘திணறுது’ என்று அவர் சொல்லும் சொற்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. என்ஜின் உருகிய பிறகு அந்தக் காதுக்கும் வேலையில்லை, அந்தச் சொற்களுக்கும் வேலையில்லை. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்?

இனி எதிர்த்தரப்பு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாதென 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் காரணமின்றி நடந்தவை அல்ல. அந்தப் புகையை முதலில் விழுங்கியவர்கள் கிளீனரும் ஓட்டுநரும் பட்டறைச் சிறுவனுமே. ஆகவே பழைய லாரிகளை அன்றாடத் தொழிலுக்கு விட வேண்டும் என்று நாங்கள் வாதாடவில்லை. அவை ஓய்வு பெறட்டும். ஆனால் ஓய்வு வேறு, அழிவு வேறு. மேலே சொன்ன விதியே அன்றாட ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. ஆண்டுக்குச் சில நாள் ஓடும் சில லாரிகளும் டிராக்டர்களும், அதே போல் ஓடும் பழைய கார்களைவிட நகரத்துக் காற்றை எவ்வளவு கூடுதலாகக் கெடுத்துவிடும்?

ஆர்வலர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பம்ப்பைத் திருகி, கரும்புகையைக் கக்க வைத்து, அதுவே வல்லமை என்று ஆர்ப்பரிப்போர் உண்டு. கரும்புகை என்பது எரியாமல் வீணான எண்ணெய். ருடால்ஃப் டீசல் 1897இல் அவுக்ஸ்பர்க்கில் தம் என்ஜினை ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயின் ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியதே அவருடைய சாதனை. அக்காலத்து நீராவி என்ஜின்கள் பலவும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வீணாக்காமல் எரிப்பதற்கென்றே பிறந்த என்ஜினை வீணாக்கிக் காட்டிப் பெருமை கொள்வது பக்தி ஆகாது.

வழி இருக்கிறது. ஜெர்மனியில் 1997 முதல் 30 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட வண்டிக்கு ‘எச்’ என முடியும் எண் தருகிறார்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் அது உண்டு. நம் விதியிலும் அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ ஒரு கூடம் அமைத்து, பத்து என்ஜின்களையாவது ஓடும் நிலையில் வைத்து, ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளைக் கொண்டே அவற்றைப் பேணச் செய்யலாம். அதற்கெல்லாம் முன்பாக, செலவில்லாத ஒன்றை நாம் தொடங்கலாம். உங்கள் ஊரில் எழுபது வயது மெக்கானிக் ஒருவர் இருப்பார். போய் உட்காருங்கள், அவர் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் அண்மையில் அதே சாலையில் மறுபடி போயிருக்கிறார். என்ஜின் இல்லை. அது கிடந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் நீள்சதுரமாக இருந்தது என்றார். நல்லவேளை, படங்கள் இருக்கின்றன. ஆனால் படத்தை முடுக்கி ஓட விட்டு, அதன் இழுவையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.