ஆந்தைக்கும் ஒரு பங்கு

விடியற்காலையில் அண்ணாமலை மலைச்சரிவுக்குப் பறவை பார்க்கப் போனோம். பழைய புளியமரப் பொந்தில் ஒரு சாண் உயரத்தில் புள்ளி ஆந்தை! மஞ்சள் கண்ணை உருட்டி, தலையை ஆட்டி ஆட்டி எங்களைப் பார்த்துச்சு. கூட வந்த விவசாயி, "அபசகுனம்ங்க" என்றார்.

எனக்கு அப்படித் தோணல. வண்டு, வெட்டுக்கிளி, சுண்டெலி இதெல்லாம்தான் அதோட சாப்பாடு. பெரிய எலியைக் கூகை பார்த்துக்கும். ஆனா, மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் செத்துப்போகும். உரத்தை விட்டுட்டோம், பூச்சிமருந்தை விட்டுட்டோம்னு சொல்லிக்கிட்டே வரப்பில் எலிமருந்து வைத்தால் அது என்ன இயற்கை விவசாயம்?

பொந்துள்ள மரத்தை வெட்டாதீங்க. வயலில் குறுக்குக் கம்பு கட்டிய குச்சி நாலு நடுங்க. ராத்திரி அது வந்து உட்காரும்.