பேருந்து நிலையச் சந்திப்பின் எல்.இ.டி. திரையை அகற்றக் கோரும் மனு

பெறுநர்
மாநகராட்சி ஆணையர் அவர்கள்
மாநகரக் காவல் துணை ஆணையர் (போக்குவரத்து) அவர்கள்

பொருள்: பேருந்து நிலையச் சந்திப்பில் வணிக வளாகத்தின் முகப்பில் அமைக்கப்பட்டுள்ள எல்.இ.டி. வீடியோ விளம்பரத் திரையை அகற்றக் கோருதல், பிற கோரிக்கைகள்.

பார்வை: இதே பொருள் குறித்து இச்சங்கம் முன்னர் அளித்த மனுக்களும், அவற்றுக்கான நினைவூட்டுகளும்.

ஐயா,

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்று, மேற்படி சந்திப்பைச் சூழ்ந்த தெருக்களில் வசிக்கும் குடும்பங்களின் சார்பில் இயங்கிவரும் குடியிருப்போர் நலச் சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறது.

திரைக்கான இரும்புச் சட்டங்களைக் கிரேன் கொண்டு மேலேற்றிய அன்றே, அவை எதற்கானவை, உரிமம் யார் பெயரில் உள்ளது, போக்குவரத்துக் காவல் துறையின் தடையின்மைச் சான்று பெறப்பட்டதா என்று கேட்டு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அது வருவாய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. வருவாய்ப் பிரிவை அணுகியபோது, கட்டடத்தின்மேல் அமைவதாகையால் நகரமைப்புப் பிரிவே இதற்குப் பொறுப்பு என்றார்கள். நகரமைப்புப் பிரிவினரோ, மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தங்களுக்கு அதிகாரமில்லை என்பதை மிகுந்த மரியாதையுடன், நாற்காலி போட்டுத் தேநீரும் வரவழைத்துத் தெரிவித்தார்கள். மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் அளித்த மனு, ‘தீர்வு காணப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியாக எங்கள் தலைவரின் கைப்பேசிக்குத் திரும்பி வந்த மாலையிலும் திரை வழக்கம்போலவே எரிந்துகொண்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் விதித்த 30 நாள் தவணையும் கழிந்து, மேல்முறையீடும் செய்த பிற்பாடு எங்களுக்குக் கிட்டிய ஒரே தகவல், இத்திரை ‘பொதுமக்களுக்கான தகவல்களை வெளியிடும் மின்னணுப் பலகை’ என்ற வகையில் அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதாகும். இம்மனுவின் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்கு நாங்கள் எழுதும் பதிலே.

கோரிக்கை 1: மேற்படி திரையை அகற்ற வேண்டும்.

1934-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சாலைகளுக்கு இலக்கணம் வகுத்துவரும் ஸ்தாபனமாகிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ், சாலையோர விளம்பரங்களுக்கென்றே ஒரு கொள்கையை 1972-இல் வெளியிட்டது. ஐ.ஆர்.சி. 46 என்ற எண்ணால் வழங்கும் அக்கொள்கை, சாலைச் சந்திப்பிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது என்றும், நகர்ப்புறங்களில் பார்வைக்கு இடையூறு நேராதபட்சத்தில் அதனை 50 மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. எங்கள் உறுப்பினர்கள் அதிகாலையில், வாகன நடமாட்டம் மிகுவதற்கு முன்னர், நாடா பிடித்து அளந்து பார்த்ததில், சிக்னல் கம்பத்துக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரம் 18 மீட்டர்தான். தூரத்தைப் பற்றிய விவாதம் இத்துடன் முடிந்தது என்றே கருதுகிறோம். ஆயினும் எங்கள் முக்கியமான ஆட்சேபம் தூரத்தைப் பற்றியதன்று.

மின்னி மறையும் ஒளி, விட்டுவிட்டு எரியும் ஒளி, அசையும் ஒளி ஆகியவற்றைக் கொண்ட விளம்பரங்கள் ஆட்சேபத்துக்குரியவை என்று அதே கொள்கை கூறி, நேரம், வெப்பநிலை, வானிலை, தேதி போன்ற பொதுப்பயன் தகவல்களைத் தருவனவற்றுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கிறது. ஓட்டுநரின் கண்ணையும் பாதசாரியின் கண்ணையும் கூசச் செய்யும் பிரகாசம் உடையவற்றையும், போக்குவரத்து சிக்னலின் பலனைக் குறைப்பவற்றையும் அது தனித்தனியே எடுத்துரைத்து விலக்குகிறது. இனி, இத்திரை அந்த விலக்கின் வாயிலாக எவ்வாறு உள்ளே புகுந்தது என்பதைத் தாங்கள் நேரில் வந்து பார்த்தால் தெரியும். சுமார் 40 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட பரப்பில், பட்டுப்புடவையும் தங்க வளையலும் மனைப்பிரிவு விற்பனையும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, வலது கீழ் மூலையில், முழங்கை நீளம் உள்ள ஒரு பட்டையில், மணியும் வெப்பநிலையும் காட்டப்படுகின்றன. அந்த மூலைதான் பொதுமக்களுக்கான தகவல். எஞ்சிய பரப்பு முழுவதும் அதன் தயவில் அனுமதி பெற்று நிற்கிறது. அக்கடிகாரமும் பேருந்து நிலையத்துக் கடிகாரத்துக்கு நான்கு நிமிஷம் பின்தங்கியே ஓடுகிறது. அதை நம்பிக் கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நேரத்தையும் வெப்பநிலையையும் தெரிவிப்பதற்காக இயற்றப்பட்ட விலக்கு, அவற்றை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்ட எந்த விளம்பரத்துக்கும் பொருந்துமென்றால், அந்த விதியை இயற்றியவர்கள் ஏன் அவ்வளவு சிரமப்பட்டு நான்கு தகவல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள் என்பதை அதிகாரிகள் தயவுகூர்ந்து விளக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டு விதி இக்காலத் திரைக்குப் பொருந்தாது என்று ஓர் அலுவலர் வாய்மொழியாகச் சொன்னார். நீல நிற எல்.இ.டி. 1990-களில் கைகூடிய பிறகே முழு வண்ணத் திரைகள் சாத்தியமாயின என்பது உண்மைதான். விதி எழுதியவர்களின் மனத்தில் இருந்தவை நியான் குழாய்களும் வரிசையாக எரிந்தணையும் பல்புகளுமாகவே இருக்கும். ஆனால் எரிந்தணையும் பல்பையே சாலைச் சந்திப்பில் ஆகாது என்று விலக்கிய விதி, ஒரு விநாடிக்குள் முப்பது படம் மாற்றவல்ல திரையை மாத்திரம் ஆகும் என்று கொள்ளும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஐ.ஆர்.சி. என்பது வழிகாட்டி நூலேயன்றிச் சட்டம் அன்று என்பது மற்றொரு சமாதானம். அப்படியானால் சாலையில் இடப்படும் வெள்ளைக் கோடுகளுக்கு அதே ஸ்தாபனத்தின் 35-ஆம் எண் ஏட்டையும், வழிகாட்டிப் பலகைகளுக்கு 67-ஆம் எண் ஏட்டையும் ஒப்பந்தங்களில் மேற்கோள் காட்டுவது எதற்காக? ஒப்பந்ததாரருக்குக் கட்டளையாக இருப்பது விளம்பரதாரருக்கு மாத்திரம் யோசனையாகச் சுருங்கிவிடுவதை எங்களால் ஏற்க இயலவில்லை. மேலும், 1997 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், சாலையோரத்தில் பாதுகாப்பான போக்குவரத்துக்கு அபாயமும் இடையூறுமாக உள்ள விளம்பரப் பலகைகளைக் கண்டறிந்து அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் டெல்லியின் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. திரை தனியார் கட்டடத்தில் இருக்கிறது என்ற வாதத்துக்கும் இடமில்லை. ஏனெனில் சென்னை நகரத்து விளம்பரப் பலகைகள் தொடர்பான நோவா ஆட்ஸ் வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், தனியார் இடத்தில் நிற்கும் பலகையும் பொதுச்சாலையிலிருந்து தெரிவதாலும் வாகனம் ஓட்டுவோரின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடும் என்பதாலும் உரிமத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதே என்று கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஓட்டுநரின் கவனத்தைத் திருப்பக்கூடிய விளம்பரத்தை அகற்றும் அதிகாரத்தைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கு அரசு அளிக்கலாம் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 116-ஆம் பிரிவிலேயே சொல்லியிருப்பதையும் துணை ஆணையர் அவர்களின் பார்வைக்குக் கொண்டுவருகிறோம்.

இதுவரை பெரிய விபத்து நேர்ந்ததாகப் பதிவில்லையே என்பாரும் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 11 மீட்டருக்கு மேல் கடக்கிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தவர் 22 மீட்டரைப் பாராமலே கடந்திருப்பார், அதற்குள் பாதசாரிக் கோடு வந்துவிடுகிறது. இரண்டு விநாடிக்கு மேல் சாலையை விட்டுக் கண்ணை எடுப்பவருக்கு விபத்து அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று, வாகனங்களுக்குள்ளேயே கேமரா பொருத்தி அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. தெற்கேயிருந்து வருபவருக்கு சிக்னல் விளக்கும் திரையும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. அரக்குச் சிவப்பில் முந்தானை விரியும் ஒரு புடவை விளம்பரம் அடிக்கடி ஓடுகிறது. அது விரியும் கணத்தில் சிவப்பு விளக்கு அந்தச் சிவப்புக்குள் கரைந்துபோகிறது. மழை இரவுகளில் ஈரத் தார்ச்சாலையிலும் அதே வண்ணங்கள் புரளுவதால், கோடு எது, குழி எது என்று தெரியாமல் இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் காலை ஊன்றி ஊன்றிச் செல்வதை எந்த அலுவலரும் மாடியில் நின்று பார்க்கலாம்.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தைப் போல நம் நகரமும் விளங்க வேண்டாமா என்று திரை திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். அங்கே 2009-இல், பிராட்வேயின் அப்பகுதியிலிருந்து வாகனங்களை விலக்கி மக்கள் உலாவும் இடமாக மாற்றினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் சந்திப்பில் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, கரும்பு லாரி யாவும் திரைக்குக் கீழேயே திரும்புகின்றன.

இரவைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது. நண்பகல் வெயிலிலும் தெரிவதற்காக இத்தகைய திரைகள் சதுர மீட்டருக்கு 5,000 கேண்டெலாவுக்கும் மேற்பட்ட பிரகாசம் தருமாறு செய்யப்படுகின்றன. இருட்டியதும் சென்சார் அதனைப் பன்மடங்கு குறைக்க வேண்டும். இங்கே சென்சார் வேலை செய்யவில்லையா, வேலை செய்ய விடப்படவில்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. பழுதான மாட்யூலை மாற்ற வந்த தொழிலாளியிடம் எங்கள் பொருளாளர் கேட்டதற்கு, “ஒரு லேப்டாப் போதும் சார், இப்பவே குறைச்சிடலாம். கம்பெனி சொல்லணும்” என்றார். எதிர்வரிசை மாடி வீடுகளில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துணியின் ஓரத்தில் கசியும் ஒளி சுவரில் பச்சையாகவும் நீலமாகவும் ஊர்ந்துகொண்டே இருக்க, கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர் சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிறார். வெளிக்காற்றுக்குத் திறந்த ஜன்னல் சித்திரை மாதத்தில்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை.

மாநகராட்சிக்கு வருமானம் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வரி செலுத்துபவர்களும் நாங்களே. அவ்வருமானத்தைச் சந்திப்புக்கு வெளியே, விதி இடங்கொடுக்கும் தூரத்தில், அசையாத பலகைகளிலிருந்து ஈட்ட யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஆகவே, திரைக்கான அனுமதியை ரத்து செய்து, அகற்றும் நாளை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுகிறோம். அதுவரையில் இடைக்கால ஏற்பாடாக, அசையும் காட்சிகளை அடியோடு நிறுத்தவும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திரையை முற்றிலும் அணைத்து வைக்கவும் உத்தரவிட வேண்டும். இடைக்கால ஏற்பாடே நிரந்தர ஏற்பாடாக நிலைத்துவிடும் வழக்கம் எங்களுக்குத் தெரியும். எனவே அவ்வுத்தரவிலேயே முடிவு நாளையும் குறிப்பிடக் கோருகிறோம்.

கோரிக்கை 2: மேற்படி திரைக்கென நடைபாதையில் வைக்கப்பட்டுள்ள டீசல் ஜெனரேட்டரை அப்புறப்படுத்த வேண்டும்.

கோரிக்கை 3: திரை தெரிவதற்காகக் கிளைகள் வெட்டப்பட்ட வேப்பமரங்கள் குறித்து விசாரணை செய்து, ஈடாக மரக்கன்றுகள் நட வேண்டும்.

கோரிக்கை 4: திருவிழா நாட்களில் திரையுடன் ஒலிபெருக்கி இணைக்கப்படுவதைத் தடை செய்ய வேண்டும்.

கோரிக்கை 5: 2023-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகளின்படி உரிமம் பெற்ற பலகைகள் அனைத்திலும், உரிம எண்ணும் காலாவதித் தேதியும் தரையில் நின்று படிக்கத்தக்க அளவில் எழுதப்படுவதை உறுதி செய்ய வேண்டும்.

கோரிக்கை 6: திரைக்கு நேர் கீழே நெடுநாளாக எரியாதிருக்கும் தெருவிளக்கைப் பழுதுபார்க்க வேண்டும். திரையின் வெளிச்சம் இருக்கையில் அவ்விளக்கு அவசியமில்லை என்று முன்னர் அளிக்கப்பட்ட பதிலை இச்சங்கம் ஏற்கவில்லை.

கோரிக்கை 7: இம்மனுவுக்கான பதிலை ந.க. எண்ணுடன், விரைவு அஞ்சலில், கையொப்பமிடும் அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கத்தின் செயற்குழுத் தீர்மானத்தின்படி)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர் அவர்களுக்கும்.